நூல்நிலையமும் நமது கேள்விகளும்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

நூல்நிலையம் என்றால் பத்திரிகை படிக்கும் இடம், கதைப் புத்தகம் இரவல் வாங்கும் இடம் என்றே நமது கிராமத்தார் பெரும்பாலும் எண்ணியிருக்கிறார்கள். அது பிழையன்று, ஆயினும் பாதி உண்மையே. நூல்நிலையத்துக்கு மற்றொரு கடமையும் உண்டு. ஒருவன் தன் காரியத்துக்கு வேண்டிய ஒரு விவரத்தைக் கேட்டு வந்தால், அது எந்த நூலில் இருக்கிறது, எந்த ஊரில் எந்தச் சாலையில் இருக்கிறது என்று கண்டு சொல்லுவதே அக்கடமை. இதற்கு நோக்குதவிப் பணி என்று பெயர். இதன் பயனை நம் குடியானவர்கள் அறியாதிருப்பதால் நேரும் நஷ்டம் கொஞ்சமன்று. நானும் அதை அறியாதிருந்து, பிறகு அறிந்தவன். ஆகையால் என் அநுபவத்தையே முதலில் கூறுகிறேன்.

ஓர் ஏரியும் ஒரு கால்வாயும்

நான் அலுவல் பார்த்த சரகத்தில் ஓர் ஊரின் கடன் சங்கத்தில், இரண்டு வருஷமாகப் பயிர்க் கடன் பாக்கி ஏறிக்கொண்டே வந்தது. அங்கத்தினரின் அசிரத்தையே காரணம் என்று என் முதல் அறிக்கையில் எழுதிவிட்டேன். அது தவறு. மறுமுறை சென்றபோது சங்கத் தலைவரான பெரியவர் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். ஏரியின் வரத்துக் கால்வாய் ஓரிடத்தில் உழுது பயிரேற்றப்பட்டிருந்தது. மழை பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லாததால் பாக்கி.

நிலத்துக்காரர் அது தம் பட்டா நிலம் என்றார். ஊரார் அது புறம்போக்கு என்றார்கள். இப்போதுள்ள கணக்கு நிலத்துக்காரருக்கு அநுகூலமாக இருந்தது. பழைய கணக்கில் வேறுவிதமாக இருக்கும் என்று முதியவர்கள் சாதித்தார்கள்; ஆனால் அப்பழைய கணக்கு எந்த வருஷத்தது, எங்கே இருக்கும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. வழக்குத் தொடுப்பதற்கென்று வீட்டுக்கு இவ்வளவு என்று பணமும் தண்டத் தொடங்கியிருந்தார்கள்.

வேறு அலுவலாக மாவட்டத் தலைநகருக்குப் போன நாளில், பெரியவரும் நானும் அங்குள்ள மைய நூலகத்துள் நுழைந்தோம். “கால்வாய்களைப் பற்றிய புத்தகம் உண்டா?” என்று கேட்டேன். இருந்தவர் மரியாதையோடு எழுந்து சென்று, சூயஸ் கால்வாயின் சரித்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை. கேட்டதற்குத்தானே கொடுத்தார்!

அப்போது அங்கிருந்த நூலகர் அம்மையார் எங்களை உட்காரச் சொல்லி, “ஐயா, உங்களுக்குப் புத்தகம் வேண்டுமா, ஒரு விவரம் வேண்டுமா?” என்று கேட்டார். பெரியவர் நடந்ததைச் சொன்னார். “ஊர் எந்தத் தாலூகா? முன்பு வேறு தாலூகாவில் இருந்ததா? ரயத்வாரி கிராமமா, ஜமீன் கிராமமா, இனாம் கிராமமா? நிலத்தின் சர்வே நம்பர் என்ன? இந்த விவரம் கிடைத்தால் அதை எதற்கு உபயோகிக்கப் போகிறீர்கள்?” என்று ஒவ்வொன்றாக வினவி எழுதிக்கொண்டார். ரயத்வாரி கிராமம் என்று அறிந்ததும், அம்மாவட்டத்தின் பழைய கெஜட்டியரை எடுத்து, நிலவரி நிர்வாகத்தைப் பற்றிய அத்தியாயத்தைப் பிரித்தார். அதில் எங்கள் சின்ன ஏரியின் பேரே இல்லை. ஆனால் அந்தத் தாலூகா எந்த வருஷத்தில் அளக்கப்பட்டது, எந்த வருஷத்தில் செட்டில்மெண்டு நடந்தது என்பவை இருந்தன. “இந்த வருஷத்துச் செட்டில்மெண்டு ரிஜிஸ்தரைப் பார்க்க வேண்டும். அது என்னிடம் இல்லை. சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு மனுச் செய்து பாருங்கள்” என்று சொல்லி, மனுவில் குறிக்க வேண்டிய விவரங்களையும் எழுதிக் கொடுத்தார். இவ்வளவும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அவர் எங்களிடம் ஒரு காசும் கேட்கவில்லை.

கட்டணம் செலுத்திப் பெற்ற நகல் சில வாரங்களில் கைக்கு வந்தது. அதைப் பார்த்தபோது இரு கட்சியாரும் ஒருவாறு நாணினார்கள். தகராறிலிருந்த நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கால்வாய்ப் புறம்போக்கு. மற்றொரு பங்கு அந்நாளிலேயே பட்டா. ஊரார் சொன்னதும் முழு உண்மையன்று. நிலத்துக்காரர் சொன்னதும் முழு உண்மையன்று. எழுத்து நடுவில் வந்து நின்றபின் பேச்சு சுருங்கிற்று. புறம்போக்குப் பகுதியை அவர் விட்டுக்கொடுத்தார். பட்டாப் பகுதியில் கால்வாய் செல்லும் அகலத்துக்கு, வழக்குக்குத் தண்டிய பணத்திலிருந்தே ஊரார் ஈடு கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு ஏரி பாதிக்கு மேல் நிறைந்தது. நானும் என் அறிக்கையைத் திருத்தி எழுதினேன்.

இப்பணி தோன்றிய வரலாறு

வாசகருக்கு நூலகர் நேரில் துணை செய்ய வேண்டும் என்பது இன்று நேற்று எழுந்த எண்ணமன்று. அமெரிக்க நாட்டில் வர்ஸ்டர் நகரத்து நூலகராயிருந்த சாமுவேல் கிரீன் என்பவர் 1876-ம் வருஷத்தில் இதை வற்புறுத்திக் கட்டுரை வாசித்தார். தொழிலாளியும் வியாபாரியும் தம் வேலையில் எழும் ஐயங்களோடு நூல்நிலையத்துக்கு வரத் துணிய வேண்டும் என்பதும், அவர்களை நூலகர் முகமலர்ச்சியோடு வரவேற்க வேண்டும் என்பதும் அவர் கருத்து.

நம் நாட்டில் இதை நிலைநாட்டியவர் தஞ்சை ஜில்லாச் சீகாழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். கணித ஆசிரியராயிருந்த இவர் 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக அமர்ந்து, இங்கிலாந்துக்குச் சென்று அத்துறையைக் கற்றுத் திரும்பினார். 1931-ல் இவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது. நூலகரின் துணையை இவர் இருவகையாகப் பிரித்தார். ஒரு சொல்லின் பொருள், ஓர் ஊரின் ஜனத்தொகை போன்று உடனே விடை கூறத்தக்கது ஒருவகை. பல நூல்களைத் துருவி, வேண்டுமானால் பிற நிலையங்களுக்கும் எழுதிக் கேட்டு, நாட்கணக்கில் தேட வேண்டியது மற்றொரு வகை. எங்கள் கால்வாய் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

1931-ம் வருஷத்திலேயே மன்னார்குடியில் மாட்டு வண்டி ஒன்று நூல்களைச் சுமந்துகொண்டு சுற்றுக் கிராமங்களுக்குப் போய் வந்தது. 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் இவ்வகைச் சட்டம் முதலில் தோன்றியது இங்கேதான். அச்சட்டத்தின்படி நூலக வரி ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் இது சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ஆகவே நூல்நிலையம் எவரோ அளிக்கும் தர்மமன்று. நாம் பணம் கொடுத்து நடத்துவது. அதனிடம் கேள்வி கேட்கக் கூசுவது, சொந்தக் கிணற்றில் நீர் இறைக்கக் கூசுவதை ஒக்கும்.

எந்த விஷயத்தை எங்கே தேடுவது?

நோக்கு நூல்களை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவற்றுள் முக்கியமானவை இவை:

அகராதி. சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ் அகராதி 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது. பழைய பத்திரங்களில் வரும் நில அளவை, வரி முதலியவற்றின் பெயர்களுக்குப் பொருள் காண இது மிக உதவும்.

கலைக்களஞ்சியம். தமிழ் வளர்ச்சிக் கழகத்தாரின் கலைக்களஞ்சியத்தில் முதல் தொகுதி 1954-ல் வெளியாயிற்று. விஷயத்தின் அடிப்படையை அறிய இது நல்லது. புள்ளி விவரத்துக்குப் புதிய நூலை நாட வேண்டும்.

கெஜட்டியர். ஒரு மாவட்டத்தின் பூமி, பாசனம், வரி, பயிர், பஞ்சம் முதலியவற்றைக் கூறும் நூல். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டால் ஊர் எவ்வாறு மாறியது என்பது விளங்கும்.

ஜனக்கணிதக் கையேடு. 1951 முதல் மாவட்டந்தோறும் வெளியிடப்பட்டு வருவது. கிராமம் கிராமமாக ஜனத்தொகை, பரப்பு, பள்ளி, வைத்தியசாலை, சாலை வசதி முதலியவை இதில் உள்ளன. புதிதாகப் பால் சங்கமோ கிடங்கோ தொடங்க விரும்புவோர், இதனோடு கால்நடைக் கணக்கெடுப்பையும் பார்த்துவிட்டு மனு எழுதினால், மனுவுக்குப் பலம் உண்டாகும்.

சிறிய நிலையத்தில் கிடையாதவற்றுக்குப் பெரிய நிலையங்கள் உள்ளன. சென்னைக் கன்னிமாரா நூலகம் 1896-ல் திறக்கப்பட்டது. 1954-ம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி பெற உரிமையுடைய நான்கு நிலையங்களுள் அது ஒன்று. 1869-ல் ஏற்பட்ட கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும், தஞ்சைச் சரஸ்வதி மகாலிலும் ஓலைச் சுவடிகள் காக்கப்படுகின்றன. பழைய தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பேர்பெற்றது. 2010-ல் சென்னைக் கோட்டூர்புரத்திலும், 2023-ல் மதுரையிலும் பெரிய நூலகங்கள் திறக்கப்பட்டன. பிரயாணம் செய்ய இயலாதவர்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தாரின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பலவற்றைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

கைப்பேசி இருக்க நூலகர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கைப்பேசி நாம் கேட்டதற்கே விடை தருகிறது. நூலகரோ நாம் கேட்க வேண்டியது எது என்று கண்டு சொல்லுகிறார். சூயஸ் கால்வாயிலிருந்து எங்களை ஏரிக் கால்வாய்க்குத் திருப்பியது அவருடைய ஐந்து கேள்விகளே. மேலும், எழும்பூரில் உள்ள ரிஜிஸ்தர்கள் எல்லாமே கைப்பேசியில் ஏறிவிடவும் இல்லை.

கேட்கும் முறை

1. என்ன புத்தகம் வேண்டும் என்று சொல்லாமல், என்ன தெரிய வேண்டும் என்று சொல்லுக.

2. ஊர், தாலூகா, சர்வே நம்பர், ஏறக்குறைய எந்தக் காலம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக. ஊருக்குப் பழைய பெயர் இருந்தால் அதையும் குறிக்க.

3. எதற்காக வேண்டும் என்பதை மறைக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் கட்டுரைக்கு வேண்டிய விவரம் வேறு. கோர்ட்டுக்கு வேண்டிய விவரம் வேறு.

4. கிடைத்த விவரத்தோடு நூலின் பெயர், வருஷம், பக்கம் மூன்றையும் குறித்துக்கொள்க. இம்மூன்றும் இல்லாத விவரம் வெறும் வாய்ச்சொல்லுக்கே சமம்.

5. ஒரே நூலை நம்பிவிடாமல் இரண்டாவது ஒன்றோடு ஒத்துப் பார்க்க. நமக்கு விரோதமாக இருப்பதையும் எழுதிக்கொள்க. எங்கள் நகலில் பட்டாப் பகுதியை மறைத்திருந்தால் சமாதானம் நிலைத்திராது.

6. நூலகர் ஏட்டைக் காட்டுவார்; சட்ட ஆலோசனையோ வைத்தியமோ சொல்ல மாட்டார். அவற்றுக்கு வக்கீலையும் வைத்தியரையுமே நாட வேண்டும். ஆனால் ஏட்டோடு போகிறவனுக்கு அவர்களிடம் ஆகும் காலமும் செலவும் குறையும்.

நாம் செய்யத்தக்கது

நமது கூட்டுறவு இயக்கமே இத்தகைய தேடலில் பிறந்தது. சென்னை அரசாங்கத்தாரின் ஆணைப்படி பிரெடரிக் நிக்கல்சன் துரை, ஐரோப்பிய நாடுகளில் குடியானவர்கள் கடன் சங்கங்களை எவ்வாறு நடத்தினார்கள் என்பதை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரு பாகமாக அறிக்கை வெளியிட்டார். 1904-ல் சங்கச் சட்டம் பிறப்பதற்கு அது ஒரு பெருந்துணையாயிற்று. அயல்நாட்டுக் குடியானவனின் அநுபவம் ஏட்டின் வழியாக நம் குடியானவனுக்கு வந்து சேர்ந்தது.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் பஞ்சாயத்தும் ஒரு வினாப் புத்தகம் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அங்கத்தினருக்கு எழும் ஐயங்களை அதில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை மாவட்ட நூலகத்துக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பலாம். வந்த விடையையும், அது எந்த நூலில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதலாம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் பெரியவர் அவ்வாறு ஒன்று தொடங்கியிருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் அந்தக் கால்வாயின் மூன்று சர்வே நம்பர்களும், ரிஜிஸ்தரின் வருஷமும் எழுதப்பட்டிருக்கின்றன. இனி வரும் பிள்ளைகள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.