வேக வழியும் நீதி வழியும்: விமானப் பயணி அறிய வேண்டிய இரு இலக்கங்கள்

விமானப் பயணம் என்பது இன்று செல்வந்தர்களுக்கு மாத்திரம் உரிய ஒன்றல்ல. அட்டாளைச்சேனை, ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என நீளும் எமது கரையோர ஊர்களில் கட்டாரிலோ சவூதி அரேபியாவிலோ தொழில் புரியும் ஒருவரைக் கொண்டிராத தெருவைக் காண்பது அரிது. உயர் கல்விக்காகவும் குடியேற்றத்துக்காகவும் ஐரோப்பா, கனடா, அமெரிக்கா சென்றோர் இருக்கின்றனர். பிள்ளைகளைக் காண வயது முதிர்ந்த பெற்றோரும் இரவு பஸ்ஸில் புறப்பட்டுக் கட்டுநாயக்க சென்று கடல் கடக்கின்றனர்.

இவர்களிடையே அண்மைக்காலமாக ஒரு கேள்வி எழுந்துள்ளது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை நீண்ட வரிசையில் நிற்காது விரைவாக முடித்துக்கொள்ள முன்கூட்டியே விண்ணப்பிக்க முடியுமாமே, அது யாருக்குக் கிடைக்கும், எவ்வாறு விண்ணப்பிப்பது என்பதே அக்கேள்வியாகும். இதற்கான விடையை விளக்குவதோடு, எமது சமூகத்தவருக்கு அதனைவிட அவசியமான, ஆனால் அதிகம் பேசப்படாத மற்றுமொரு விண்ணப்பத்தையும் எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று சோதனைகள்

முதலில் ஒரு தெளிவு வேண்டும். விமான நிலையத்தில் பயணி மூன்று விதமான சோதனைகளைக் கடக்கின்றார். உடலையும் கைப்பையையும் பரிசோதிப்பது பாதுகாப்புச் சோதனை. கடவுச்சீட்டையும் விசாவையும் பார்ப்பது குடிவரவு, குடியகல்வுச் சோதனை. கொண்டுவரும் பொருட்களுக்குத் தீர்வை உண்டா எனப் பார்ப்பது சுங்கச் சோதனை. கட்டாரிலும் துபாயிலும் அங்கு வதிவோர் பயன்படுத்தும் மின்னியல் வாயில்கள் குடிவரவுச் சோதனைக்கானவை. இந்தியா 2024 ஜூனில் டில்லியில் ஆரம்பித்து, 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட விமான நிலையங்களுக்கு விரிவுபடுத்திய நம்பகப் பயணிகள் திட்டமும் அத்தகையதே. அதுவும் இந்தியப் பிரஜைகளுக்கும் வெளிநாட்டு இந்தியப் பிரஜை அட்டை வைத்திருப்போருக்கும் மாத்திரமே உரியது. கட்டுநாயக்கவில் பணம் செலுத்திப் பெறக்கூடிய விசேட வழிச் சேவைகள் வசதிக்கானவையே அன்றி, பயணியின் பின்னணியை ஆராய்ந்து நம்பிக்கை வழங்கும் திட்டங்கள் அல்ல.

பாதுகாப்புச் சோதனையின் அவசியத்தை எவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்கவில் எயார் லங்கா விமானத்தில் வெடித்த குண்டு 21 உயிர்களைப் பறித்தது. 2001 ஜூலை 24ஆம் திகதி அதே விமான நிலையம் தாக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 தாக்குதலின் பின்னர் உலகெங்கும் சோதனை இறுகியது. 2001 டிசம்பரில் ஒருவர் காலணியில் வெடிபொருள் மறைத்து விமானமேறினார். 2006 ஓகஸ்டில் பானப் போத்தல்களில் திரவ வெடிபொருள் கொண்டு செல்லும் சதி பிரித்தானியாவில் அம்பலமானது. 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் ஆகாது என்ற விதி அதன் விளைவாகும்.

வேக வழி

எல்லோரையும் ஒரே அளவில் சந்தேகிப்பதால் வரிசை நீளுகின்றது. ஆபத்தற்றவர்களை முன்கூட்டியே இனங்கண்டு விட்டால் எஞ்சியோரைக் கவனமாகச் சோதிக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததே அமெரிக்காவின் 'பிரீசெக்' திட்டம். அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2011 ஒக்டோபரில் இதனை ஆரம்பித்தது. 2013 டிசம்பர் முதல் பொதுமக்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடிந்தது. விண்ணப்பதாரர் இணையத்தில் தமது விபரங்களைப் பதிந்து, பின்னர் பதிவு நிலையத்துக்கு நேரில் சென்று, அடையாள ஆவணங்களைக் காட்டி, விரல் அடையாளம் வழங்க வேண்டும். குற்றப் பின்னணி ஆராயப்பட்டு, பெரும்பாலானோருக்குச் சில நாட்களிலும் சிலருக்கு 60 நாட்கள் வரையிலான காலத்திலும் முடிவு கிடைக்கும். பதிவு செய்யும் நிறுவனத்துக்கேற்பக் கட்டணம் சுமார் 80 டொலர். செல்லுபடியாகும் காலம் 5 ஆண்டுகள்.

அங்கீகாரம் பெற்றவருக்கு 'நோன் ட்ரவலர் நம்பர்' எனப்படும் அறியப்பட்ட பயணி இலக்கம் வழங்கப்படும். விமானச் சீட்டுப் பதியும் ஒவ்வொரு தடவையும் அதனைக் குறிப்பிட வேண்டும். மடிக்கணினியையும் திரவங்களையும் பையிலிருந்து வெளியே எடுக்காமல், இடுப்புப் பட்டியைக் கழற்றாமல் தனி வழியால் செல்லலாம் என்பதே இதன் பயன். காலணி கழற்றும் நடைமுறை 2025 ஜூலையில் ஏனைய பயணிகளுக்கும் நீக்கப்பட்டதால் அச்சலுகையின் தனிச்சிறப்பு குறைந்துவிட்டது. இவ்விலக்கம் உள்ளவரும் எழுந்தமானமாக மேலதிக சோதனைக்கு உட்படுத்தப்படலாம்.

இத்திட்டம் அமெரிக்கப் பிரஜைகளுக்கும் அந்நாட்டில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கும் உரியது. குடிவரவையும் சேர்த்து விரைவுபடுத்தும் 'குளோபல் என்ட்ரி' திட்டத்தில் இந்தியா, ஐக்கிய இராச்சியம், சிங்கப்பூர் முதலிய நாடுகளின் பிரஜைகளும் இணையலாம். இலங்கை அப்பட்டியலில் இல்லை. கனடாவில் வாழும் எமது உறவுகள் பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றிருப்பின் 'நெக்சஸ்' அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இவ்விரண்டின் கட்டணமும் 2024 ஒக்டோபர் முதல் 120 அமெரிக்க டொலராகும். ஆகவே, இலங்கைக் கடவுச்சீட்டை மாத்திரம் வைத்திருக்கும், அந்நாடுகளில் நிரந்தர வதிவிடம் அற்ற ஒருவருக்கு இந்த வேக வழி மூடப்பட்டதே. "பணம் தாருங்கள், எடுத்துத் தருகிறோம்" என எவரேனும் கூறின் அது ஏமாற்று என்பதை உணர வேண்டும். பிரீசெக் திட்டத்துக்கு முதற் தடவை விண்ணப்பிப்போரின் கட்டணம் பதிவு நிலையத்திலேயே அறவிடப்படுகின்றது; இணையத்தில் முற்பணம் கேட்கும் தளங்கள் போலியானவை.

பெயர் படுத்தும் பாடு

எமது மக்களுக்கு உண்மையில் நேரும் இடர் வரிசையின் நீளம் அல்ல, பெயரின் ஒற்றுமையே. அமெரிக்கா செல்லும் விமானங்களில் பயணியின் முழுப்பெயர், பிறந்த திகதி, பால் ஆகியவை முன்கூட்டியே பெறப்பட்டு, கண்காணிப்புப் பட்டியல்களுடன் ஒப்பிடப்படுகின்றன. பட்டியலிலுள்ள ஒருவரின் பெயரை ஒத்த பெயர் கொண்டவர் எக்குற்றமும் அறியாதவராயினும் தடுத்து நிறுத்தப்படலாம். முஹம்மது, அஹமது, அப்துல்லாஹ், இப்றாஹீம் என்ற பெயர்களைக் கோடிக்கணக்கானோர் சூடியிருக்கும் உலகில் இவ்வாறான குழப்பம் யார் மீது அதிகம் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயர்க் குழப்பம் பெரியோரையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி தாம் பல தடவைகள் விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டதாக 2004 ஓகஸ்டில் செனட் குழுவொன்றின் முன் கூறினார். 'டி. கென்னடி' என்ற பெயர் பட்டியலில் இருந்ததே காரணம். உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உயர்மட்டத்துடன் தொடர்பு கொண்டும் அதனைச் சீர்செய்யச் சில வாரங்கள் சென்றன. செனட்டருக்கே இந்நிலையெனில், திணைக்களத்தின் தொலைபேசி இலக்கமும் அறியாத எமது ஊர்த் தகப்பனாரின் நிலை என்ன?

மலேசியாவைச் சேர்ந்த ரஹீனா இப்ராஹிம் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காகப் பயின்ற முஸ்லிம் பெண்மணி. 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் அவர் கைவிலங்கிடப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டார். மறுநாள் நாடு திரும்ப அனுமதிக்கப்பட்ட போதிலும், பின்னர் அவருடைய விசா இரத்துச் செய்யப்பட்டது. எட்டு ஆண்டு வழக்கின் பின்னர் 2014இல் நீதிமன்றம் வெளிப்படுத்திய உண்மை திடுக்கிட வைப்பது: புலனாய்வு அதிகாரி ஒருவர் படிவத்தில் பிழையான கட்டங்களில் அடையாளமிட்டதே அனைத்துக்கும் மூலம்! கனடாவில் 2015ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் பெயர்கூடப் பட்டியலொன்றின் பெயருடன் ஒத்ததால் அவன் விமானமேறுவதற்கு முன்னர் மேலதிக உறுதிப்படுத்தல் கோரப்பட்டது.

நீதி வழி

இத்தகைய முறைப்பாடுகளுக்காக அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 2007 பெப்ரவரியில் ஏற்படுத்திய ஏற்பாடே 'ட்ரிப்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பயணிகள் பரிகாரத் திட்டமாகும். இதற்கு எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டு உடையவருக்கும் இது திறந்தே உள்ளது. கட்டணம் எதுவுமில்லை. திணைக்களத்தின் இணையத்தளத்திலுள்ள படிவத்தில், எந்தத் திகதியில், எந்த விமான நிலையத்தில், எவ்வாறு தடுக்கப்பட்டார் என்பதை விபரித்து, கடவுச்சீட்டின் பிரதியை இணைத்து அனுப்பினால் 'ரிட்ரெஸ் நம்பர்' எனும் பரிகார இலக்கம் கிடைக்கும். ஆராய்வு முடிந்ததும் எழுத்தில் பதில் வரும். அதன் பின்னர் விமானச் சீட்டுப் பதியும்போது அவ்விலக்கத்தைக் குறிப்பிட்டால், பட்டியலில் இருப்பவர் வேறு, இவர் வேறு என்பதைக் கணினி முறைமை பிரித்தறிய உதவும்.

இதன் எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். விசா மறுக்கப்பட்டமைக்கு இது பரிகாரம் தராது. ஒருவரின் பெயர் பட்டியலில் உள்ளதா என்பதைப் பதில் கடிதம் பொதுவாகத் தெரிவிப்பதில்லை. சோதனையிலிருந்து விலக்கும் கிடைக்காது. இருப்பினும், விமானமேறும் அட்டையில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து நான்கு தடவைகள் தொடர்ச்சியாக அச்சிடப்பட்டு வருபவர், அதாவது மேலதிக சோதனைக்கெனத் தெரிவுசெய்யப்படுபவர், ஒரு தடவையாயின் அதனைத் தற்செயலெனக் கொள்ளலாம். திரும்பத் திரும்ப நேருமாயின் விண்ணப்பிக்கத் தயங்கக்கூடாது. கனடாவும் இவ்வகைக் குழப்பத்தைத் தீர்க்க 2020 நவம்பர் முதல் கனேடியப் பயண இலக்கம் ஒன்றை வழங்கி வருகின்றது.

வேக வழி இலக்கம் பணத்துக்கும் பிரஜாவுரிமைக்கும் கட்டுப்பட்டது. நீதி வழி இலக்கம் இலவசமானது, எவருக்கும் உரியது. ஆயினும் முன்னையதைப் பற்றிக் கேட்போர் பலர். பின்னையதைக் கேட்போர் இல்லை.

எமது கையில் உள்ளது

இவை அனைத்துக்கும் அடிப்படையான ஒரு காரியம் எமது ஊரிலேயே தொடங்குகின்றது. எமது பிரதேச முஸ்லிம்களின் பெயர்களில் தகப்பன், பாட்டன் பெயர்கள் முன்னெழுத்துக்களாக அமைவது வழமை. 'ஏ.எல்.எம்.' என்பது அஹமது லெப்பை முஹம்மது என விரியும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பாடசாலையில் ஒருவரும், முகவர் நிலையத்தில் மற்றொருவரும் தத்தமக்குத் தெரிந்தவாறு நிரப்புகின்றனர். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். விளைவு, கல்விச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறொரு பெயர், விமானச் சீட்டில் மூன்றாவது பெயர். தமிழ்ச் சகோதரர்களின் நீண்ட பெயர்களுக்கும் இதே கதிதான். வளைகுடாவுக்குச் செல்பவராயினும், விசாவிலும் கடவுச்சீட்டிலும் பெயர் மாறுபட்டால் விமான நிலையத்திலிருந்தே திரும்ப நேரலாம்.

எனவே பிள்ளை பிறந்த அன்றே பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்து, எல்லா ஆவணங்களிலும் அதனையே பேணுதல் வேண்டும். பிறப்புப் பதிவில் பெயர் திருத்தம் தேவையெனில் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரை நாடலாம். கடவுச்சீட்டு விண்ணப்பத்தை முகவரிடம் ஒப்படைத்தாலும், கையொப்பமிடும் முன்னர் ஒவ்வோர் எழுத்தையும் தாமே சரிபார்க்க வேண்டும். விமானச் சீட்டில் கடவுச்சீட்டின் பெயர் அப்படியே இருக்க வேண்டும், முன்னெழுத்துக்களால் சுருக்கலாகாது. பள்ளிவாசல் நிருவாகங்களும் இளைஞர் கழகங்களும் மாதத்தில் ஒருநாள் இவ்விண்ணப்பங்களை நிரப்ப உதவுமாயின் அது பெரும் சேவையாகும்.

சோதனைக் கூடத்தில் உள்ள உரிமைகளையும் மறத்தலாகாது. அமெரிக்க விமான நிலையங்களில் தலையை மூடிய ஆடையுடன் செல்லத் தடையில்லை. மேலதிக சோதனை அவசியமாயின் பெண்ணைப் பெண் அதிகாரியே தொட்டுச் சோதிக்க வேண்டும்; தனியறையில் நடத்துமாறு கோரலாம். இதனை அமைதியாகக் கேட்பது குற்றமல்ல.

யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த அனுபவம் தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. சோதனையை நாம் வெறுக்கவில்லை. பெயருக்காகச் சந்தேகிக்கப்படுவதையே வெறுக்கின்றோம். அச்சந்தேகத்தை எழுத்து மூலம் மறுக்க ஒரு வழி இருக்கையில், அதனை அறியாதிருப்பதும் அறிந்தும் பயன்படுத்தாதிருப்பதும் எமக்கு நாமே இழைக்கும் அநீதியாகும்.