தாத்தாவோட புல்லட்டை எடைக்குப் போடணுமா? பழைய வண்டிகளுக்கு விதிகள் என்ன சொல்லுது?

செஞ்சி பக்கம் தளவானூர்ல எங்க தாத்தா வீட்டுக் கொட்டகையில ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு 1972 புல்லட், இன்னொண்ணு 1985 டி.வி.எஸ் 50. போன மாசம் தாத்தா தவறிட்டார். காரியம் முடிஞ்ச கையோட சித்தப்பா கேட்டார்: "ரெண்டையும் எடைக்குப் போட்டுடலாமா?"

அந்த புல்லட்ல கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சு, அப்புறம்தான் கிக்கரை உதைக்கணும். அவசரப்பட்டா திருப்பி அடிக்கும். அத்தை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனது அதுலதான். மல்லாட்டை மூட்டை செஞ்சி கமிட்டிக்குப் போனது டி.வி.எஸ்ல. ரெண்டுமே தமிழ்நாட்டு வண்டிங்க. என்ஃபீல்டு இந்தியா 1955-ல் மெட்ராஸில் தொடங்கியது, டி.வி.எஸ் 50 1980-ல் ஓசூரிலிருந்து வந்தது.

சரி, இப்ப என்ன செய்யலாம்?

முதல்ல பேர் மாத்தணுமா?
ஆமா. உரிமையாளர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ-வுக்குத் தகவல் சொல்லணும். 3 மாசத்துக்குள்ள படிவம் 31-ல் வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் தேவை.

15 வருஷம் தாண்டினா வண்டி செல்லாதா?
டெல்லி நிலவரத்தைப் பார்த்து நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. இங்க அப்படி இல்லை. சொந்த உபயோக வண்டியோட ஆர்.சி 15 வருஷம் செல்லும். பிறகு வண்டியை நேர்ல காட்டி, தகுதியா இருந்தா 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி, 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு ரூ.2,000, காருக்கு ரூ.10,000 கட்டணம். பசுமை வரி தனி. ஆர்.சி காலாவதியான வண்டியை ஓட்டுறது, பதிவே இல்லாத வண்டியை ஓட்டுற மாதிரிதான்.

'விண்டேஜ்' பதிவு வாங்கலாமா?
2021-ல் வந்த மத்திய அரசு விதி இது. பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு ரூ.20,000, 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரும். ஆனா தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். அதனால விண்ணப்பிக்கும் முன்னாடி யோசிங்க: வண்டி ஓட்டுறதுக்கா, பாதுகாக்கறதுக்கா?

எடைக்கே போடுறதுன்னா?
தெருவுல வர்ற பழைய இரும்புக்காரர்கிட்ட கொடுத்தா, வண்டி போனாலும் பதிவு உங்க வீட்டுப் பேர்லயே நிக்கும். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல ஒப்படைச்சு, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி-யை ரத்து செய்யுங்க.

எங்க வீட்டுல முடிவு பண்ணிட்டோம். டி.வி.எஸ் ஸ்கிராப் மையத்துக்கு. புல்லட்டை அப்பா பேருக்கு மாத்தறோம். ஆர்.சி-யைத் தேடினப்போ தாத்தாவோட டிரங்குப் பெட்டியில, பாலித்தீன் கவருக்குள்ள பத்திரமா இருந்துச்சு. உங்க வீட்டு வண்டியோட ஆர்.சி எங்க இருக்குன்னு, பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கோங்க.