பிரிண்ட் வரவில்லையா? ஸ்பூலரை நிறுத்தி இயக்குங்கள்

பிரிண்ட் கொடுத்தாயிற்று, தாள் வரவில்லை. கேன்சல் செய்தாலும் வரிசையில் "டெலீட்டிங்" என்றே நிற்கிறது. நாளை தேர்வுக்கு ஹால் டிக்கெட் வேண்டும். இந்நிலையில் பலரும் பிரிண்டரைக் குறை கூறி மெக்கானிக்கை அழைக்கின்றனர். பிரிண்டர் பாவம், பல நேரங்களில் அதன் மீது தவறே இருக்காது.

விண்டோஸ் இயக்கத்தில், திரையில் தெரியாமல் பின்னணியில் இயங்கும் புரோகிராம்களை சர்வீஸ் என்கிறோம். அச்சிட வரும் பைல்களை வரிசைப்படுத்தி பிரிண்டருக்கு அனுப்புவது பிரிண்ட் ஸ்பூலர் என்னும் சர்வீஸ். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என அடுத்தடுத்துச் சென்றால் கிடைக்கும் போல்டரில் இவற்றை அது வைத்திருக்கும். ஒரு பைல் கெட்டுவிட்டால் பின்னால் உள்ளவையும் நின்றுவிடும். ஸ்பூலர் கையாண்டு கொண்டிருக்கும் பைலை அழிக்க விண்டோஸ் விடாது. சில சாப்ட்வேர்களை அப்டேட் செய்கையில், அவை தம் சர்வீஸை நிறுத்தி, பைலை மாற்றி, மீண்டும் இயக்குவதும் இதனால்தான்.

விண்டோஸ் கீயுடன் ஆர் கீ அழுத்தி, சர்வீசஸ்.எம்எஸ்சி என ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் மீது ரைட் கிளிக் செய்து, ஸ்டாப் தேர்ந்தெடுக்கவும். மற்ற சர்வீஸ்களைத் தொட வேண்டாம். பின், மேலே கூறிய போல்டரைத் திறக்கவும். அனுமதி கேட்டால் கன்டின்யூ கிளிக் செய்திடவும். உள்ளே இருக்கும் பைல்களை மட்டும் அழிக்கவும், போல்டரை அல்ல. மீண்டும் ரைட் கிளிக் செய்து ஸ்டார்ட் கொடுக்கவும். வரிசையில் இருந்தவை அனைத்தும் போயிருக்கும் என்பதால், தேவையானவற்றை மறுபடி பிரிண்ட் கொடுக்க வேண்டும்.