தாகம் எடுக்காத குதிரை

டெவிஸ் கோப்பைக் காணொளியைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வியர்வை வழிய வந்து நிற்கும் குதிரை, வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே, திமிரா?”

கலிஃபோர்னியாவில் ஒரே நாளில் 100 மைல் மலைப்பாதையைக் கடக்கும் சவாரி அது. 1955இல் வெண்டல் ராபி தொடங்கிவைத்தார். வரலாறு இவ்வளவு போதும்.

வெயிலில் உழைக்கும் குதிரைக்கு மணிக்கு 10 முதல் 15 லிட்டர்கூட வியர்க்கும். சேணத்தோரம் திரளும் வெள்ளை நுரைக்குக் காரணம், அந்த வியர்வையிலுள்ள லேத்தரின் என்ற புரதம். நம் வியர்வையில் இரத்தத்தைவிட உப்புக் குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்க நம் இரத்தத்தில் உப்புச் செறிவு ஏறும், தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையோ இரத்தத்தளவு உப்புக் கொண்டது, சில சமயம் கூடுதலாகவும்.

ரசம் அடுப்பில் வற்றினால் உப்புக் கரிக்கும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கும் மாமியார் உடனே தண்ணீர் ஊற்றச் சொல்வார். அது நம் உடல். பந்திக்குக் கரண்டி கரண்டியாக மொண்டால்? சட்டி குறைகிறது, ருசி அப்படியே. “சரியாத்தான் இருக்கு” என்கிறார் மாமியார். குதிரையின் மூளை இந்த மாமியார்தான். சட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பாதிச் சட்டியில் யாராவது ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டால், “சப்புன்னு ஆயிடுச்சு, நிறுத்து” என்பார். வெறும் தண்ணீரை நாலு மடக்குக் குடித்ததும் குதிரை விலகிக்கொள்வது இதனால்தான். கரண்டி அடியைச் சுரண்டும்போது, அதாவது இரத்த அளவே வெகுவாகக் குறைந்த பிறகு, தாகம் வரும். மெதுவாக.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓடிக் களைத்த குதிரைகளுக்கு முதலில் 0.9 சதவீத உப்புநீர் கொடுத்து, அப்புறம் வெறும் தண்ணீர் வைத்தார்கள். ஆரம்பத்திலிருந்தே வெறும் தண்ணீர் குடித்தவற்றைவிட இவை மொத்தத்தில் அதிகம் குடித்தன.

இதை வைத்துத்தான் எலக்ட்ரோலைட் பசை வியாபாரம் நடக்கிறது. விளம்பரத்தில் என்னென்னவோ சொல்வார்கள். உள்ளே பெரும்பாலும் சாப்பாட்டு உப்பும் பொட்டாசியம் குளோரைடும்தான். தண்ணீர் குடிக்காத குதிரையின் வாயில் அதைப் பீய்ச்சினால், குடலில் சேரும் உப்பு உடம்பிலிருக்கும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊறவைத்த உலர்புல் எவ்வளவோ மேல். நார்த்தீனி பெருங்குடலில் நீரைத் தேக்கிவைக்கும்.

அதற்காக உப்பே வேண்டாம் என்றில்லை. வியர்வையோடு குளோரைடு ஏராளமாகப் போனால் இரத்தத்தில் காரத்தன்மை ஏறி, நரம்புக்கு உதவும் கால்சியம் குறையும். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு இதயத்தை ஒட்டிப் போகிறது. அது இப்போது ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தூண்டப்பட, விலா வெட்டி வெட்டி இழுக்கும். சவாரிக்காரர்கள் இதைத் ‘தம்ப்ஸ்’ என்பார்கள். கண்டுவிட்டால் கால்நடை மருத்துவர் அந்தக் குதிரையை மேற்கொண்டு ஓட விடமாட்டார்.