மகிழுந்துக் குரல் கட்டளை

மகிழுந்துக் குரல் கட்டளை என்பது ஓட்டுநர் பொத்தான்களையோ தொடுதிரையையோ தொடாமல், பேச்சின் மூலம் வண்டியின் வானொலி, தொலைபேசி முதலியவற்றை இயக்கும் வசதியாகும். ஓட்டுநரின் கைகள் ஸ்டியரிங்கிலும் கண்கள் சாலையிலும் இருக்கச் செய்வதே இதன் நோக்கம்.

செயல்படும் முறை

பல வண்டிகளில் ஸ்டியரிங்கில் உள்ள பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் வானொலியின் ஒலி அடங்குகிறது. அதன்பின் ஓட்டுநர் சொல்வதை ஒலிவாங்கி பெறுகிறது. மென்பொருள் பின்னணி இரைச்சலைக் குறைத்து, பேச்சைச் சிறு ஒலித்துணுக்குகளாகப் பிரித்து, தான் அறிந்த கட்டளைகளுடன் ஒப்பிடுகிறது.

இதில் வானொலிக்கான கட்டளை எளிதானது. அமெரிக்காவில் பண்பலை நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைவதால், ஓட்டுநர் சொல்லக்கூடிய அலைவரிசை எண்கள் ஏறத்தாழ 100 மட்டுமே. தொலைபேசிக்கான கட்டளை அப்படியன்று. புளூடூத் வழியாகப் பெறப்படும் தொடர்புப் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கலாம். அவற்றுள் சில ஒன்றுபோல் ஒலிக்கலாம். ஒருவருக்கே இரண்டு, மூன்று எண்களும் இருக்கலாம். எனவே பல அமைப்புகள் பெயரைத் திருப்பிச் சொல்லி, உறுதி செய்துகொண்ட பிறகே அழைக்கின்றன. சன்னல் திறந்திருந்தாலும் குளிரூட்டியின் விசிறி வேகமாகச் சுழன்றாலும் பிழைகள் கூடும்.

வளர்ச்சி

ஃபோர்டு நிறுவனம் மைக்ரோசாப்டுடன் இணைந்து 2007-இல் அறிமுகப்படுத்திய 'சிங்க்' அமைப்பு, ஃபோக்கஸ் போன்ற நடுத்தர விலை வண்டிகளுக்கும் இவ்வசதியைக் கொண்டுவந்தது. 2014-இல் ஆப்பிள் கார்பிளேயும் 2015-இல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தபின், திறன்பேசியின் குரல் உதவியாளரையே வண்டியில் பயன்படுத்த முடிந்தது. இதனால், வகுக்கப்பட்ட சொற்களை மனப்பாடம் செய்யாமல் இயல்பாகப் பேசியே கட்டளையிடலாம்.

பாதுகாப்பு

கையும் கண்ணும் விடுபட்டாலும் கவனம் முழுமையாக விடுபடுவதில்லை. அமெரிக்கத் தானுந்துச் சங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. சில அமைப்புகளில், கட்டளையிட்டு முடித்த பின்னரும் கவனச்சிதறல் 27 நொடிகள் வரை நீடிப்பதாக அவை காட்டின. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்நேரத்தில் 300 மீட்டர் கடந்துவிடும்.

கட்டளை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால், ஓட்டுநர் அதைத் திருத்த முயல்வதில் கவனம் மேலும் சிதறும். ஆகவே திறன்பேசியை இணைப்பதையும், குழப்பம் தராத பெயர்களில் எண்களைச் சேமிப்பதையும் வண்டியை எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஓடும்போது குறுகிய கட்டளைகளே ஏற்றவை. ஒருமுறை தவறினால், போக்குவரத்து மிகுந்த இடத்தில் மீண்டும் முயலாமல் விட்டுவிடுவதே பாதுகாப்பானது.