ரக்பி ஆட்டத்திற் கடைக்காவல்

ரக்பி என்னும் பந்தாட்டம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1872 ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நாளன்று, கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஒரு புறமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டினர் மறுபுறமுமாக நின்று இதனை ஆடினர். அடுத்த ஆண்டில் அங்கே தோன்றிய கழகம், ஆடுவோர் குறைந்து கலைந்தபொழுது, எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடியாகவும் யானையொன்று மூடியின்மேலும் அமையக் கிண்ணமொன்று செய்வித்து, 1878 இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்திற்கு அளித்துவிட்டது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் ஆண்டுதோறும் பொருதுவது அக்கல்கத்தாக் கிண்ணத்திற்கே. எனினும், யாம் முட்டை வடிவான அப்பந்தை ஏந்திக் கள்ளக்குறிச்சித் தெருவில் நடந்தபொழுது, "தம்பி, இது என்ன காய்?" என்று வினவாதார் சிலரே.

இவ்வாட்டத்தில் அணிக்குப் பதினைவர். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. பின்னோக்கியோ பக்கவாட்டிலோ தான் கைம்மாற்றலாம். முன்னே செலுத்த வேண்டுமாயின் ஏந்தி ஓடுதலும் காலால் உதைத்தலுமே வழி. ஆகவே இரு திறத்தாரும் பந்துள்ள இடத்தையே சூழ்ந்து திரள்வர். அவர்க்குப் பின்னே நெடுவெளி கிடக்கும். அவ்வெளிக்கு உரியவன் பதினைந்தாம் எண் பூண்ட ஃபுல்பேக். அவனை யாம் கடைக்காவலன் என்போம். பண்டைத் தமிழர் படையின் முன்னணியைத் தார் என்றும், பின்னணியைக் கூழை என்றும் வழங்கினர். கூழையைக் காத்து நிற்றலைத் தொல்காப்பியம் தும்பைத் திணையில் வைத்து எண்ணுகின்றது. வகுப்பில் அதனைப் படித்தபொழுது அதன் அருமையை யாம் உணர்ந்திலேம்.

விரைந்தோட மாட்டாதவன் பின்னே நிற்கட்டும் என்று நண்பர் எம்மை அவ்விடத்தில் நிறுத்தினர். இதனினும் பெரிய பிழை வேறில்லை. முதல் ஆட்டத்திலேயே மாற்றார் பந்தை வானளாவ உதைத்தனர். பந்தை நோக்குவதா, பாய்ந்து வருவாரை நோக்குவதா என்று யாம் மயங்கிய அளவில், அது எம் விரல்களிற் பட்டு முன்னே தெறித்தது. அதனை ஒருவன் எடுத்தோடி எம் எல்லைக்கோட்டிற்கு அப்பால் ஊன்றினான். ஐந்து புள்ளி. அவ்வைந்தினாலேயே தோற்றேம். நண்பர் ஒருவரும் எம்மைக் கடிந்திலர்; அதுதான் எம்மைச் சுட்டது.

ஆனித் திங்களில் ஊர் சென்று, நீர்வற்றிய கோமுகியாற்று மணலில் தம்பியைக் கொண்டு பந்தை உதைப்பித்துப் பயின்றேம். மேற்கே கல்வராயன் மலையினின்று இழியும் காற்று ஆடிக்கு முன்னரே வலுத்திருந்தது. தம்பி மேற்கே நின்று உதைத்தால் பந்து எம் தலையைக் கடந்து போகும்; கிழக்கே நின்று உதைத்தால் அந்தரத்தில் தயங்கி அவன் பக்கமே திரும்பி விழும். நான்கு நாள் பந்தின் பின்னே அலைந்தேம். ஐந்தாம் நாள் அவன் சலித்து, "அண்ணா, நீ பந்து வந்த பிறகுதான் ஓடுகிறாய்" என்றான். பதின்மூன்று வயதுடையான் கூறிய அச்சொல்லே இந்நிலையின் இலக்கணம் முழுதும். உதைப்பவன் இடுப்பும் பாதமும் எத்திசை நோக்குகின்றன என்று கண்டு, உதைக்கும் முன்னரே இடம் பெயர்தல் வேண்டும். காற்று எதிர்த்து வருமாயின் பின்னே ஆழ்ந்து நிற்றல் வேண்டும், என்னை? முன்னோக்கி ஓடிப் பந்தை ஏற்றல் எளிது, பின்னோக்கி ஓடி ஏற்றல் அரிது.

ஏற்கும்பொழுது உடலைச் சற்றுப் பக்கவாட்டிற் திருப்பி, முழங்கைகளை நெருக்கி, கைகளைக் கண்ணளவில் உயர்த்திப் பந்தை மார்போடு அணைத்தல் முறை. நேர்முகமாக நின்றவன் கைதவறினால் பந்து முன்னே விழும், அது குற்றமாகும். பக்கம் திரும்பி நின்றவன் தவறவிட்டாற் பெரும்பாலும் பின்னே விழும், குற்றமில்லை. எழும்பி ஏற்பவனை அவன் பாதம் நிலந்தோயும் வரை தாக்கலாகாது என்பது விதி. தன் இருபத்திரண்டு மீட்டர்க் கோட்டிற்குள் மாற்றார் உதைத்த பந்தை நிலந்தோயாமல் ஏற்று, "மார்க்" என்று கூவுபவனுக்கு இடையூறின்றி உதைக்கும் உரிமையும் உண்டு.

பந்தை ஏந்தித் தனியே ஓடிவருபவனை மறித்தல் இதனினும் கடிது. நேரே எதிர்த்து ஓடினால் அவன் இருபுறமும் விலக இடம் பெறுவான். சற்றே உட்புறமாக நின்று அணுகி, அவனை ஓரக்கோட்டின் பக்கம் ஒதுக்குதல் வேண்டும். அப்பொழுது அக்கோடே நமக்கு இரண்டாம் காவலனாகும். அணைந்தபின் தாழ்ந்து, தலை அவன் உடற்குப் பின்புறம் அமையத் தோளால் தொடையைத் தாக்குக. தலையை முன்னே நீட்டுதல் தீங்கு. இதனை மணலிற் பயில இயலாது, தம்பியும் உடன்பட்டிலன்.

கல்லூரி திறந்தபின் மீண்டும் அந்நிலையில் நின்றேம். அன்று எம்மை நோக்கி உயர்ந்த ஏழு பந்துகளுள் இரண்டைத் தவறவிட்டேம். இரண்டும் எமக்குப் பின்னேதான் விழுந்தன.