ஒரு பெட்டி கடைக்கு, ஒரு பெட்டி தெருவுக்கு

பாலிடெக்னிக்கில் படித்தபோது தொழிற்பயிற்சிக்காக ஜார்ஜ்டவுனில் ஒரு கேபிள் குத்தகையாளரிடம் சேர்ந்தேன். இரண்டாவது வாரம் லெபோ பாசாரில் உள்ள ஒரு புடவைக் கடைக்குப் போனோம். அங்கே இணையம் வேலை செய்யவில்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

என்னோடு வந்த மூத்த தொழில்நுட்பரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கடைக்குள் முதலில் பார்க்கச் சொன்னார். நானோ அவசரப்பட்டு ஏணியில் ஏறி, ஐந்தடி நடைபாதையின் மேல்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தேன். உள்ளே எட்டு இணைப்புகள். ஒட்டியிருந்த எண்கள் மங்கியிருந்தன. இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு கனெக்டரைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன்.

இரண்டே நிமிடத்தில் பக்கத்து உணவகக்காரர் வெளியே வந்துவிட்டார். "என்ன தம்பி, லைன் போச்சு! கார்டு மெஷின் வேலை செய்யல, ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க!"

நான் கழற்றியது அவருடைய இணைப்பு.

அண்ணன் அதை மறுபடி செருகிவிட்டு, அமைதியாகச் சொன்னார்: "அந்தப் பெட்டி ஒரு கடைக்கு மட்டும் இல்ல தம்பி. திறக்கிறதுக்கு முன்னால, எத்தனை பேரு அதை நம்பி இருக்காங்கன்னு யோசி."

பாடத்தில் படித்த இரண்டு பெட்டிகளின் வேறுபாடு அன்றுதான் எனக்கு உறைத்தது.

தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் தடித்த கேபிள், சாலையோர அலமாரியைக் கடந்து பகிர்வுப் பெட்டிக்கு வருகிறது. இது கம்பத்திலோ வெளிச்சுவரிலோ இருக்கும். பல இழைகள் இங்கே பிரிந்து தனித்தனி வீடுகளுக்குப் போகின்றன. சில பெட்டிகளில் ஒரே இழையின் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் இருக்கும். மழையும் தூசியும் புகாதபடி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. அதனால் ஒரு சுவர்ப் பெட்டியே ஒரு வரிசைக்குப் போதுமானதாக இருக்கிறது.

முனையப் பெட்டி அப்படியல்ல. அது வீட்டுக்குள் இருக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி. வெளியிலிருந்து வரும் மெல்லிய கேபிள் அங்கே முடிகிறது. அங்கிருந்து ஒரு சிறு வயர் மோடத்துக்குப் போகிறது. இதில் கோளாறு என்றால் பாதிக்கப்படுவது அந்த ஒரு வீடுதான்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். கடைகளில் ஒரே பெட்டியை இரண்டு பெயரிலும் விற்பார்கள். அது ஒருவருக்குச் சேவை செய்கிறதா, பலருக்கா என்று பாருங்கள்.

இந்த வேறுபாடே கோளாறைத் தேடும் வழியையும் காட்டுகிறது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் இணையம் இல்லையென்றால் பழுது வெளியே. உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் முதலில் உள்ளே தேடுங்கள். அன்று உணவகத்தில் இணையம் நன்றாகத்தான் இருந்தது. அதை முன்பே கேட்டிருந்தால் நான் ஏணியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

புடவைக் கடையின் பழுது அலமாரிக்குப் பின்னால் இருந்தது. யாரோ அலமாரியைத் தள்ளியதில், முனையப் பெட்டிக்கு வரும் கேபிள் மடங்கியிருந்தது. வழக்கமான இழையை 3 சென்டிமீட்டருக்கும் குறைவான ஆரத்தில் வளைத்தால் ஒளி வெளியே கசியத் தொடங்கும். கேபிளை நிமிர்த்தி, பழுதான முனையை வெட்டி, புதிய கனெக்டர் பொருத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது.

வீட்டில் நீங்களும் பார்க்கலாம்: கேபிள் நசுங்கியிருக்கிறதா, வயர் கழன்றிருக்கிறதா? ஆனால் கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. வெளிப் பெட்டியைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

புறப்படுமுன் உணவகக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். தே தாரிக் ஒன்றைக் கையில் கொடுத்து, "லேபிள் ஒட்டிட்டுப் போ தம்பி" என்றார். ஏணியில் மறுபடி ஏறி, எட்டு இணைப்புகளையும் அண்ணனோடு சரிபார்த்து, புதிய எண்களை ஒட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.